போலி என்றால் தங்கைக்கா?

கேள்வி: காலமான அப்பா சேர்த்துவைத்த நாணயங்களில் 1939-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறது. மிக அபூர்வம் என்கிறார்கள். காந்தம் ஒட்டவில்லை, எடையும் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வியாபாரி சந்தேகப்படுகிறார். அசலா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவின் நினைவாக அதைத் தங்கை கேட்கிறாள். போலி என்றால் அவளுக்கே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: கடைசி வரியை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா, தம்பி? போலியாக இருந்தால் அப்பாவின் நினைவு, அசலாக இருந்தால் உங்கள் சொத்து. நல்ல பாகப்பிரிவினை!

முதலில் நாணயத்தைப் பார்ப்போம். வியாபாரியின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு ரூபாய் நாணயம் தாராளமாகக் கிடைக்கும். 1939 கிடைப்பது அரிது. அதனால் அசல் 1938 நாணயத்தையே எடுத்து, 8-இன் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிறார்கள். 11.66 கிராம் எடை, 91.7 சதவீத வெள்ளி, ராஜாவின் தலை எல்லாம் அசல்தான். பொய் அந்த ஓர் இலக்கத்தில் மட்டும். தராசும் காந்தமும் அதை எப்படிக் காட்டும்?

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, நாணயத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். 9-இன் இடப்பக்கத்தில், சுரண்டிய இடத்தில், மெல்லிய கீறல்களோ சிறு பள்ளமோ தெரிகிறதா? அங்கு மட்டும் வெள்ளியின் நிறம் புதிதாக இருக்கிறதா? 9-இன் வால் மொட்டையாக நிற்கிறதா? அப்பாவின் பெட்டியில் 1938-ஆம் ஆண்டு ரூபாய் நாணயம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். தடயமும் போகும், மதிப்பும் போகும். லென்ஸில் சுத்தமாகத் தெரிந்தாலும் நம்பிவிடாமல், நாணயங்களைத் தரம் பிரித்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

ஆனால் அந்த லென்ஸைத் தனியாக உட்கார்ந்து பிடிக்காதீர்கள். தங்கையை வரச் சொல்லுங்கள், அம்மா இருந்தால் அவரையும். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்ததில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, அம்மாவுக்கும் அப்படியே. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். அவள் கேட்டபோது விலை என்ன என்று கேட்டாளா? அப்பாவுடையது என்றுதானே கேட்டாள்? நீங்கள்தான் வியாபாரியிடம் கொண்டுபோனீர்கள்.

அசல் என்று முடிவானால் அன்றே தங்கைக்குச் சொல்லுங்கள். அவள் விற்க வேண்டாம் என்றால் விற்காதீர்கள்.