பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: சுடுவதற்கு வாங்கலாமா?

வணக்கம் உசிலம்பட்டி நண்பரே. மேலூர்ப் பெரியவரிடம் லைசென்சோடு இருக்கும் 1890களின் கோல்ட் (Colt என்ற அமெரிக்க நிறுவனத்தின்) சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை, அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் வகையை, அலமாரியில் வைக்க இல்லை, ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சுடத்தான் கேட்கிறீர்கள். அப்படியென்றால் பளபளப்பை விடுங்கள், பூட்டை, அதாவது உள்ளே இருக்கும் சுடும் பொறியைப் பாருங்கள்.

முதலில் ஆறு அறையும் காலியா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு ஹாமரை, அதாவது பின்னால் உள்ள அந்தச் சுத்தியலை, மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுதாக நிற்கும்போது சிலிண்டரும் (ஆறு அறையும் உள்ள சுழலும் உருளை) அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இப்படிச் சோதியுங்கள், ஐந்து சரியாக இருந்து ஆறாவது ஏமாற்றும். இழுத்து நிறுத்திய ஹாமரைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால், பேரமே வேண்டாம்.

இன்னொன்று, அந்தக் காலத்துச் சட்டகம் (துப்பாக்கியின் உடல்) கருமருந்து என்ற பழைய, வேகம் குறைந்த வெடிமருந்துக்குச் செய்தது. இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவை அதில் போடக் கூடாது. உங்கள் ஆசைக்கு இதுதான் பெரிய தடை, என்னைக் கேட்டால் சுடுவதற்கு இது வேண்டாம். இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவுத் தோட்டா இங்கே கிடைக்குமா என்பதையும் லைசென்ஸ் உள்ள கடையில் விசாரியுங்கள்.

மனம் கேட்கவில்லை என்றால், அவருடைய லைசென்ஸ் மட்டும் போதாது, உங்கள் பெயரிலும் வேண்டும். உசிலம்பட்டிக்கு ஆட்சியர் அலுவலகம், மதுரை மாநகருக்குள் என்றால் காவல் ஆணையர். விற்பவர் குறைந்தது 45 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பழைய கோல்ட்டில் ஆறும் நிரப்பமாட்டார்கள். ஐந்துதான், ஹாமர் காலி அறை மேல் இருக்கும்; தவறி விழுந்தாலும் வெடிக்காமல் இருக்கத்தான் அப்படி.