நெஞ்செரிச்சலும் உணவுக்குழாயின் மாற்றமும்

கேள்வி: என் கணவருக்கு வயது 54, நெடுநாள் நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோபி அறிக்கையில் ‘பாரெட் உணவுக்குழாய்’ என்று வந்துள்ளது. இது புற்றுநோயா? எரிச்சல் குறைந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: இது புற்றுநோய் அன்று. உணவுக்குழாயின் உட்பரப்பைத் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. இரைப்பை அமிலமும் பித்தநீரும் ஆண்டுக்கணக்கில் மேலேறி அவற்றைப் புண்படுத்தும்போது, சிலருக்கு அவ்விடத்தில் குடலின் உட்சுவரை ஒத்த தூண்வடிவச் செல்கள் வளர்ந்துவிடுகின்றன. எண்டோஸ்கோபியில், வெளிறிய பரப்பினூடே இரைப்பையிலிருந்து மேல்நோக்கி நாக்குப்போல் நீளும் செந்நிறத் திட்டாக இது தெரியும். திசுப் பரிசோதனையே இதை உறுதிசெய்யும்.

இப்புதிய செல்கள் அமிலத்தை ஓரளவு தாங்குவதால் எரிச்சல் தணிவதுண்டு. ஆகவே, எரிச்சல் குறைந்ததை நோய் நீங்கியதாகக் கொள்ளலாகாது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. செல்களில் ஒழுங்கின்மை காணப்படாதவரை, புற்றுநோயாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.5 சதவீதமோ அதற்கும் குறைவோதான். பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை போதும். ஒழுங்கின்மை உறுதியானால், அப்பகுதியை எண்டோஸ்கோபி வழியாகவே வெப்பத்தால் கருக்கி அகற்றலாம். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவதும் தொப்பையைக் குறைப்பதும் அவர் கையில்தான் உள்ளன. விழுங்குவதில் சிரமமோ, காரணமற்ற எடைக்குறைவோ, கறுத்த மலமோ தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.