வீட்டில் பாட்காஸ்ட்: எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்? கேள்வி பதில்

அண்ணா, நானும் நண்பனும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவோம். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிதானே ஆடியோ இன்டர்ஃபேஸ், அதில் ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் சோலோ போதுமா, ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கணுமா?

2ஐ2 வாங்குங்கள் தம்பி. சோலோவிலும் இரண்டு இன்புட் இருக்கிறது, ஆனால் மைக்குக்கு ஒன்றுதான், மற்றது கிடார் மாதிரியானவற்றுக்கு. பலர் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பேசுகிறார்கள், ஒருவர் சிரிக்கும்போது மற்றவர் சொன்னது அதில் அமுங்கிவிடும், எடிட்டிங்கில் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ட்ராக். பதிவின்போது சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள்.

192 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளக்கும் மாடல்தான் நல்லதா சார்?

பேச்சுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பது) தாராளம்.

ஷ்யூர் எஸ்எம்7பி மைக்கும் பழைய மூன்றாம் தலைமுறை 2ஐ2-வும் வைத்திருக்கிறேன். கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுக்கத் திருகினாலும் குரல் மெல்லிசாகத்தான் விழுகிறது. மைக் பழுதா?

பழுதில்லை. அந்த மைக் கொடுக்கும் சிக்னலே குறைவு, பேச்சுக்கு ஏறக்குறைய 60 டிபி (டெசிபல்) கெயின் கேட்கும். உங்கள் பெட்டி தருவது 56. நான்காம் தலைமுறை 2ஐ2 69 வரை போகும், அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக எதையும் வாங்கும் முன் மைக்குக்கும் வாய்க்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி மட்டும் விட்டுப் பேசிப் பாருங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டிபி ஏறும், அறையின் எதிரொலியும் அந்த அளவுக்குப் பின்னால் போகும். அப்படியும் போதவில்லை என்றால் கிளவுட்லிஃப்டர், மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே போடும் சின்னப் பெருக்கி. 25 டிபி வரை கூட்டும், ஆனால் பெட்டியிலிருந்து மைக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரத்தைப் போட்டால்தான் வேலை செய்யும்.

கிளவுட்லிஃப்டர் வீண் செலவு சார். 24 பிட்டில் மெதுவாகப் பதிவு செய்து, பிறகு சாஃப்ட்வேரில் ஏற்றினால் போதாதா?

பாதி சரி. 24 பிட்டின் அடிமட்ட இரைச்சல் ப்ரீஆம்ப்பின் (பெட்டிக்குள் மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதியின்) இரைச்சலைவிட மிகவும் கீழே, அதனால் பின்னால் ஏற்றுவதால் எதுவும் கெடாது. ஆனால் ஏற்றும்போது ப்ரீஆம்ப் இரைச்சலும் சேர்ந்து ஏறுமே! நல்ல ப்ரீஆம்ப் என்றால் நீங்கள் சொல்வதே போதும், மலிவான பெட்டியில் 'உஸ்ஸ்' என்று கேட்கும்.

அப்போ கெயின் எண்ணைப் பார்த்து வாங்குவதே தப்பா?

எண் மட்டும் போதாது என்கிறேன். இரண்டு பெட்டிகளிலும் ஒரே மைக், ஒரே தூரம், ஒரே வாக்கியம், பிறகு சில நொடி மௌனம். பேச்சின் அளவைச் சமமாக்கிவிட்டு அந்த மௌனத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். எதில் இரைச்சல் குறைவோ அதுதான் நல்ல பெட்டி. ஃபேன் ஓடினால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் போட்டால் இன்டர்ஃபேஸ் தேவையில்லையே?

ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடும். நீண்ட பதிவில் இரண்டு குரலும் மெல்ல விலகிப்போகும். வேண்டாம்.

இசைக்காவது 192 வேண்டுமா?

இசைப்பதிவு செய்பவர்களிடம் கேளுங்கள். பாட்காஸ்ட்டுக்கு மேலே சொன்னதுதான், 48.

48 வோல்ட் பட்டனை அழுத்தினால் எஸ்எம்7பி மாதிரியான டைனமிக் மைக் எரிந்துவிடுமா?

சரியான எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முனை மைக் கேபிள்) என்றால் ஒன்றும் ஆகாது. மெல்லிய உலோக நாடா வைத்த பழைய ரிப்பன் மைக் என்றால் மட்டும் தொடாதீர்கள்.

விருந்தினர் போனில் வருவார். என்ன வாங்கலாம்?

ஜூம் (வீடியோ அழைப்பு ஜூம் அல்ல) நிறுவனத்தின் பாட்ட்ராக் பி4 ரெக்கார்டர். நான்கு மைக் சொருகலாம், போனையும் இணைக்கலாம், அவர் குரல் அவருக்கே திரும்பிப் போகாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். எஸ்டி கார்டில் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாகப் பதிவாகும், கம்ப்யூட்டரே வேண்டாம். ஃபேன் மட்டும் ஓடக்கூடாது.