‘சிக்’ என்றால் அங்கே வாந்தி

கேள்வி: நாகர்கோவிலில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் நான்கு பகுதியிலும் ‘பி’ கிரேடு. மூன்று மாதத்தில் இங்கிலாந்தின் டெர்பி நகரில் வேலையில் சேர்கிறேன். முன்பே போன தோழிகள், “நோயாளிகள் பேசுவதில் பாதி புரியாது” என்கிறார்கள். வேலைக்கு ஏற்பாடு செய்த கோச்சிங் சென்டரே, 1,000 இடியம் (ஆங்கில மரபுத்தொடர்) கற்றுத்தர 18,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல குளிர்காலக் கோட்டு வாங்குங்கள்.

அந்த 1,000 எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். மழை பெய்தால் நாயும் பூனையும், சுலபமான வேலைக்குக் கேக் துண்டு, செத்துப்போனால் வாளியை உதைப்பது. முதலாவதை இப்போது அங்கே யார் வாயிலும் கேட்பது அரிது. கடைசியை நோயாளியின் மகளிடம் சொன்னால் புகார்தான் வரும்.

வார்டில் காலை வாருபவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சின்னச் சொற்கள். முதலில் ‘சிக்’. நமக்கு அது உடம்பு சரியில்லை என்பது. அங்கே ஒரு பாட்டி ‘ஐ ஹேவ் பீன் சிக்’ என்றால் வாந்தி எடுத்துவிட்டார்; ‘ஐ ஃபீல் சிக்’ என்றால் குமட்டுகிறது. எத்தனை முறை, என்ன நிறம், ரத்தம் கலந்ததா என்று கேட்டு, உடம்புக்குள் போகும், வெளியேறும் திரவத்தைக் குறிக்கும் ஃப்ளூயிட் சார்ட்டில் ஏற்ற வேண்டும். விலக்கு ஒன்று உண்டு. அதையும் நிதானமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை, லீவு, சம்பளம் பற்றிய பேச்சில் பழைய பொருளே செல்லும். ‘மை ஹஸ்பண்ட் இஸ் ஆஃப் சிக்’ என்றால் கணவர் மருத்துவ லீவில் இருக்கிறார், வாந்தி கிடையாது. ‘சிக் நோட்’ லீவுக்கான டாக்டர் சான்று. ‘சிக் பே’ அந்த நாட்களுக்கான சம்பளம். இருபது வயதுப் பையன் எதையோ பார்த்து ‘தட்ஸ் சிக்!’ என்றால், பிரமாதம் என்கிறான்; கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

‘பூர்லி’ என்றால் உடம்பு சரியில்லை. ஆனால் டாக்டர் குரலைத் தாழ்த்தி ‘ஷீ இஸ் வெரி பூர்லி’ என்றால் நிலைமை கவலைக்கிடம். ‘ஃபன்னி டர்ன்’ என்பதில் சிரிக்க எதுவுமில்லை: திடீர்த் தலைசுற்றல், தடுமாற்றம், மயக்கம். பக்கவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். முகம் கோணியதா, கை சோர்ந்ததா, பேச்சு குழறியதா, எத்தனை மணிக்கு என்று கேட்டு உடனே சீனியரிடம் சொல்லுங்கள். ‘வாட்டர்வொர்க்ஸ்’ சிறுநீர் சமாசாரம். ‘ஸ்பெண்ட் எ பென்னி’, பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்ட காலத்து வழக்கு; வயதானவர் கேட்டால் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். நாம் கல்லூரி முடித்ததைச் சொல்லும் ‘பாஸ்ட் அவுட்’ அங்கே மயங்கி விழுந்தது.

டெர்பிப் பக்கம் பலருக்கு ‘டின்னர்’ மதியச் சாப்பாடு, ‘டீ’ மாலைச் சாப்பாடு. இன்சுலின் போடும் நோயாளி ‘ஐ ஹேவ் ஹேட் மை டீ’ என்றால், ஒரு கப் தேநீர் என்று எழுதிவிடாதீர்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை. ‘காப்’ என்பது ரொட்டி பன். ‘நெஷ்’ என்றால் குளிர் தாங்காத ஆள்.

இதில் ஒன்றுகூட ஓ.இ.டி. கேட்டல் பகுதிக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் எரிச்சல். பதிவறையில் நிதானமாகப் பேசும் குரல்களை வைத்துச் சோதித்து, பல்செட்டைக் கழற்றிவைத்த தாத்தாவின் முன் நிறுத்துகிறார்கள். சான்றிதழ் வந்துவிடுகிறது, காது வருவதில்லை.

காதை நீங்களே பழக்கலாம். டெர்பி, நாட்டிங்காம் தெருக்களில் முதியவர்களிடம் எடுத்த பேட்டிகளை யூடியூபில் தேடுங்கள். தினம் இருபது நிமிடம் போதும். மூன்று நிமிடத் துண்டு ஒன்றைத் திரையில் ஓடும் எழுத்து (சப்டைட்டில்) இல்லாமல், பிறகு எழுத்தோடு, மறுபடி எழுத்து இல்லாமல் கேளுங்கள். தானாக ஓடும் எழுத்தை முழுக்க நம்பாதீர்கள். வட்டாரப் பேச்சில் அது உளறும்.

புரியாதபோது ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டும் நம் வழக்கம்தான் ஆபத்து. ‘சாரி?’ என்றாலும் பயனில்லை. அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வார்கள். ‘கேன் யூ ஷோ மீ வேர்?’, ‘வென் டிட் இட் ஸ்டார்ட்?’ என்று இடத்தையும் நேரத்தையும் கேளுங்கள். குறிப்பில் நோயாளியின் சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, கீழே நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

அந்த சென்டர் பற்றி ஒரு வார்த்தை. வேலை வாங்கித் தருவதற்கென்று நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. ‘வகுப்பில் சேர்ந்தால்தான் ஃபைல் நகரும்’ என்றால் அது வேறு பெயரில் அதே கட்டணம். நெறிமுறைக்கு உட்பட்ட ஏஜென்சிகளின் பட்டியலை, அங்குள்ள பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் வேலை அளிப்போர் அமைப்பு ‘என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ்’ இணையத்தில் வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் பணமோ அசல் சான்றிதழோ கொடுக்காதீர்கள்.

டெர்பியில் உங்களை ‘மீ டக்’ என்று கூப்பிடுவார்கள். வாத்து என்ற கேலி அல்ல; உங்கள் ஊர் ‘மக்களே’ மாதிரி. திருப்பி நீங்களும் ‘டக்’ என்று சொல்ல வேண்டாம். ‘வாட் வுட் யூ லைக் டு பி கால்ட்?’ என்று முதல் நாளே கேட்டு, அவர் சொல்லும் பெயரைப் படுக்கையோரப் பலகையில் எழுதிவிடுங்கள்.