வாசகர் கேள்வி: காட்சிக் கவிதையும் சிறு பதிப்பகங்களும்

கேள்வி: எழுத்துகளைப் படம்போல் அமைக்கும் காட்சிக் கவிதைகளைச் சிறு பதிப்பகங்களே அதிகம் வெளியிட்டது ஏன்?

பதில்: இவ்வகைக் கவிதையில் எழுத்துருவும் இடைவெளியும் தாளின் மடிப்பும் பொருளின் பகுதியாகிவிடுவதால் (படத்தை நீக்கினாலும் செய்யுள் எஞ்சும் நம் ரதபந்தத்திலிருந்து, அதாவது எழுத்துகளைத் தேர் வடிவில் அடைத்துக் காட்டும் பழைய செய்யுள் வகையிலிருந்து, இது வேறுபடுவது இங்கேதான்), எல்லா நூல்களையும் ஒரே பக்க அமைப்பில் அச்சிட்டுப் பழகிய பெரிய நிறுவனங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஸ்காட்லாந்தில் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே 1961இல் ஜெஸ்ஸி மெக்கஃபியுடன் தொடங்கிய வைல்ட் ஹாதார்ன் பதிப்பகம், கவிதையை அட்டையாகவும் மடிப்பிதழாகவும் சிறு நூலாகவும் வெளியிட்டது. 1962 முதல் 1967 வரை ஃபின்லே நடத்திய சிற்றிதழில் இவ்வகைக் கவிதை எழுதிய பிரேசில் கவிஞர்களும் இடம்பெற்றனர். நியூயார்க்கில் டிக் ஹிக்கின்ஸின் சம்திங் எல்ஸ் பதிப்பகம் 1967இல் கொண்டுவந்த காட்சிக் கவிதைப் பெருந்தொகுப்பு புகழ்பெற்றதே. ஆயினும், பலவற்றை ஒரே அளவுப் பக்கத்துக்குள் அடக்கிய அந்நூலைவிட ஃபின்லேயின் ஒற்றை அட்டையே இக்கவிதையின் இயல்பை நன்கு உணர்த்துகிறது என்பது என் கருத்து.