‘பிளாக்’ என்றால் கொள்ளையா, பேய்க்காட்டலா?

கேள்வி: லண்டனில் பிறந்து வளர்ந்த என் அண்ணையின் மகன், காற்பந்துப் போட்டிக்கு இரண்டு டிக்கெட்டைப் ‘பிளாக்’ (blag) பண்ணி எடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னான். அகராதியில் ‘ஆயுதக் கொள்ளை’ என்று இருக்கிறது. பிள்ளை எதிலாவது மாட்டுப்பட்டுவிட்டானா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பயப்படாதேங்கோ. உங்கள் மருமகன் யாரையோ கதையால் மடக்கி டிக்கெட் வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். நாம் சொல்லும் ‘பிளாக்கில் டிக்கெட்’, அதாவது கறுப்புச் சந்தை, இதுவல்ல. அது black என்ற வேறு சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தச் சொல்லின் கடைசி ஒலி ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்.

அகராதி சொன்னதும் பிழையில்லை. லண்டன் கள்வரும் பொலிசாரும் வங்கியிலோ பணம் ஏற்றும் வாகனத்திலோ ஆயுதம் காட்டிப் பறிப்பதைப் ‘பிளாக்’ என்றும், பறிப்பவனைப் ‘பிளாக்கர்’ என்றும் சொல்வார்கள். இப்படியான கொள்ளையரைத் துரத்துவதில் பேர்போனது லண்டன் பொலிசின் ‘ஃப்ளையிங் ஸ்குவாட்’. 1919இல் தொடங்கிய பிரிவு. ஆளை மிரட்டுவதுதான் இந்தச் சொல்லின் உயிர். 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் ஹாட்டன் கார்டனில் சுவரைத் துளைத்துப் பெட்டகங்களை உடைத்தார்களே, அது இந்தக் கணக்கில் சேராது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமும் கொள்ளையை 8ஆம் பிரிவிலும், கட்டடம் புகுந்து திருடுவதை 9ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது.

இன்றைய இளையோர் வாயில் அது பெரும்பாலும் வினைச்சொல்: டிக்கெட்டை, இருக்கையை, விருந்துக்குள் நுழைவதைப் ‘பிளாக்’ பண்ணுவார்கள். எங்கள் பேச்சில் ‘பேய்க்காட்டி எடுத்தான்’ என்பது கச்சிதமாகப் பொருந்தும். படிக்காமல் சோதனைக்குப் போய்ச் சமாளிப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் வேறொருவராக நடித்து அவரது வங்கி, மருத்துவ விவரங்களைக் கறப்பதையும் இப்படியே சொல்வார்கள். அது அங்கே குற்றம்.

ஆகவே பின்னால் வருவதைக் கவனியுங்கள். வங்கி, வாகனம், துவக்கு என்று வந்தால் கொள்ளை. டிக்கெட், இலவசம் என்று வந்தால் கதைவிடுதல்.

முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் ஆளில்லாதபோது உடைத்து எடுத்தால் களவு. கத்திமுனையில் சங்கிலியைப் பறித்தால் கொள்ளை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 380ஆம் பிரிவு. அதையும் ‘களவு’ என்றே மொழிபெயர்த்தால், கத்தி காட்டிய சங்கதி தாளில் இல்லாமல் போய்விடும். ‘பிளாக்’ போன்ற கொச்சைச் சொல்லும் அங்கே வேண்டாம். என்ன ஆயுதம், யாருக்கு எப்படிக் காட்டினார்கள் என்று நேராக எழுதுங்கள்.