தூண்டில் பக்கம்: எந்தத் தண்ணீருக்கு எந்த நிறம்?

கேள்வி: அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து 16 நிறங்களில் ரப்பர் தவளையும் லூர் என்கிற செயற்கை இரையும் வாங்கிவிட்டேன். எங்கள் ஏரியில் விராலுக்குப் போடும்போது எதை எடுப்பது என்று தெரியவில்லை. தெளிந்த தண்ணீருக்கு ஒரு நிறம், கலங்கலுக்கு ஒரு நிறம் என்று அவர்கள் சொல்வது நம் ஊருக்கும் பொருந்துமா ஐயா?
- கல்லூரி மாணவர், ஆற்காடு

பதில்: பொருந்தும் தம்பி. மீன்தான் வேறு. தண்ணீருக்குள் வெளிச்சம் போகிற விதம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் 26 வருடம் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தேன். வாங்குகிறவர் அனுப்பிய தோல் துண்டு ஒரு கையில், நாங்கள் சாயம் ஏற்றியது மறு கையில். இரண்டும் ஒரே நிறமா என்று நான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மாலை, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு பழுப்பு ஷேடுக்குச் சரி சொல்லிவிட்டேன். காலையில் வெயிலில் பார்த்தால் ஒன்று செம்மண் நிறம், மற்றது புளியங்கொட்டை நிறம். அந்த லாட் முழுக்க மறுபடியும் டிரம்முக்குப் போனது. அன்றிலிருந்து யார் எந்த நிறத்தைப் பற்றிக் கேட்டாலும், ‘எந்த வெளிச்சத்தில்?’ என்றுதான் முதலில் கேட்பேன். உங்கள் டப்பாவில் இருக்கும் 16 நிறமும் கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய நிறம். விரால் அவற்றை ஏரித் தண்ணீர் வழியாகப் பார்க்கிறது.

தண்ணீர் வெளிச்சத்தைச் சலித்து அனுப்பும். தெளிந்த தண்ணீர் முதலில் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், நீலம்தான் ஆழம்வரை இறங்கும். பாசி பிடித்துப் பச்சையான தண்ணீரில் நீலமும் சிவப்பும் குறைந்து, பச்சையும் மஞ்சளும் மிஞ்சும். செம்மண் கரைந்த தண்ணீரில் நீலம் மேலேயே நின்றுவிடும், உள்ளே போகிற கொஞ்ச வெளிச்சமும் ஆரஞ்சுப் பக்கம்தான். மிஞ்சிய வெளிச்சத்தில் எது பின்னணியிலிருந்து தனியாகத் தெரிகிறதோ அதைத்தான் மீன் கவனிக்கும்.

அதனால் ஏரிக்குப் போனதும் டப்பாவைத் திறக்காதீர்கள், தண்ணீரை அளந்து பாருங்கள். நான் வைத்திருப்பது நாலு லிட்டர் பெயிண்ட் டப்பாவின் வெள்ளை மூடி. நடுவில் ஓட்டை போட்டு, அடியில் ஒரு இரும்பு நட்டு கட்டி, சணல் கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். மதகுப் படியிலிருந்து மெல்ல இறக்க வேண்டும். மூடி கண்ணுக்கு மறையும் இடத்தில் எத்தனை முடிச்சு என்று எண்ண வேண்டும். இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865இல் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த அதே முறைதான் இது. ஏரி, கடல் ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அவர் பெயரில் உள்ள தட்டைத்தான் இறக்குகிறார்கள்.

நாலு முடிச்சுக்கு மேல் தெரிந்தால் எனக்கு அது தெளிந்த தண்ணீர். தை, மாசியில் மழைத் தண்ணீர் படிந்தபிறகு நம் ஏரிகள் இப்படி இருக்கும். அப்போது மீனுக்கு லூரை நன்றாகப் பார்க்க நேரமும் தூரமும் கிடைக்கிறது. ஆகவே தவளை நிறத்துத் தவளை, அதாவது மங்கிய பச்சை, பழுப்பு, கொஞ்சம் கரும்புள்ளி. கெண்டைக்குஞ்சு மாதிரி ஓடுகிற லூர் என்றால் வெள்ளி நிறம். பளபளவென்று மஞ்சளோ ஆரஞ்சோ போட்டால் மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நீங்களே பார்க்கலாம்.

இரண்டிலிருந்து நாலு முடிச்சு, தண்ணீர் பச்சை என்றால் அது சித்திரை, வைகாசித் தண்ணீர். வெள்ளை அல்லது எலுமிச்சை மஞ்சள் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் பச்சைத் தவளை, செம்மண் சுவரில் செங்கல் பொடி பூசிய மாதிரி காணாமல் போகும்.

ஒரு முடிச்சிலேயே மூடி மறைந்தால் கருப்பு. அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம், உங்கள் டப்பாவைக் குறைக்க ஒரு தகவல். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பாஸ் மீன்களுக்கு ஒரு நிறத்தைக் கொத்தினால் தீனி என்று பழக்கி, எந்த நிறத்தை எதோடு குழப்புகிறது என்று பார்த்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது. எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பியது. நீலத்தையும் கருப்பையும் குழப்பியது. பாஸின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இரண்டு வகைதான், ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. இது பாஸின் கண்ணைப் பற்றிய செய்தி, விராலுக்கு அப்படியே எடுத்து ஒட்ட மாட்டேன். ஆனால் கடைக்காரர் ஐந்து விதமாகப் பெயர் வைத்து விற்கிற மஞ்சள்கள், தண்ணீருக்குள் ஐந்தாக இருப்பதில்லை என்பது உறுதி. மங்கிய பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று, கருப்பு ஒன்று. மீதி 13ஐயும் வீட்டில் வைத்துவிட்டு ஒரு மாதம் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மழை வந்து ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறினால் டீ மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நாட்களில் ஒரு மீனும் லூரைத் தொடுவதில்லை. ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.
- வாசகர், பள்ளிகொண்டா

பதில்: ஆரஞ்சும் சிவப்பும் போட்டதுதான் சிக்கல். செம்மண் தண்ணீருக்குள் இருக்கும் வெளிச்சமே அந்த நிறம்தான், லூர் அதில் கரைந்துவிடும். கருப்பு போடுங்கள். கருநீலம் கையில் இருந்தால் அதுவும் சரி, அந்தத் தண்ணீரில் நீலம் ஏறக்குறைய கருப்பாகத்தான் தெரியும். அமெரிக்காவில் கலங்கலில் பாஸுக்குக் கருப்பும் நீலமும் கலந்த லூரைப் பெரிதும் நம்புகிறார்கள். அதில் மீனுக்குக் கிடைப்பது நிறமல்ல, கெட்டியான ஒரு உருவம்.

ஆனால் கலங்கலில் நிறத்துக்கு இரண்டாம் இடம்தான். மீனின் உடல் பக்கவாட்டில் ஓடுகிற கோடு தண்ணீரின் அதிர்வை வாங்கும். கண் வேலை செய்யாத இடத்தில் அது வேலை செய்கிறது. பின்னால் தகடு சுழல்கிற தவளை, உள்ளே குண்டு கிலுகிலுக்கிற லூர், இவற்றை எடுங்கள். ஒரே வேகத்தில், மெதுவாக இழுங்கள். தெளிந்த தண்ணீரில் விட்டு விட்டு இழுப்பது அழகு. கலங்கலில் அப்படிச் செய்தால் அதிர்வை வைத்துத் தேடி வருகிற மீனுக்கு வழி தப்பிவிடும்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததல்லவா, அந்தச் சமயம் எங்கள் பக்கத்து ஏரிகளும் நிரம்பிக் கோடி போயின, அதாவது வழிந்தோடின. மூடி அரை முடிச்சுக்கே மறைந்தது. நான் ஏரி நடுவை விட்டுவிட்டேன். கரையோரம் கோரைப் புல் மூழ்கியிருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிவு, புல் வண்டலை நிறுத்தியிருந்தது. கரையிலிருந்து நாலு அடிக்குள், கருப்புத் தவளையைப் புல்லை ஒட்டியே இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரால். கலங்கல் நாட்களில் தூரமாக வீசுகிறவர்களுக்கு வெறும் காற்றுதான் கிடைக்கும். வெள்ளம் ஓடுகிற கோடி வாய்ப் பக்கம் மட்டும் கால் வைக்காதீர்கள், மீனைவிட உயிர் பெரிது.

கேள்வி: என் தவளை லூருக்கு மேலே பச்சை, வயிறு வெள்ளை. நண்பன் வயிறு கருப்பாக இருக்கவேண்டும் என்கிறான். மீன் பார்ப்பது முதுகையா வயிற்றையா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: வயிற்றை. இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், முக்கால்வாசிப் பேர் முதுகின் வரிகளைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். மிதக்கிற தவளையை விரால் கீழே இருந்து, வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கிறது. நல்ல வெயிலில் வெள்ளை வயிறு வானத்தோடு கலந்து தெரியும். தெளிந்த தண்ணீரில் அது நல்லது, அசல் தவளைக்கும் வயிறு வெளுப்புதான். விடியலிலும் அந்தியிலும் வெளிச்சம் குறைவு, அப்போது கருப்பு வயிறுதான் வானத்தில் வெட்டி வைத்த மாதிரி நிற்கும்.

ஒரு பங்குனி மாதம் காவேரிப்பாக்கம் ஏரி ஓரத்தில் விடியுமுன் நின்றிருந்தேன். அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தது. விரால் காற்றைக் குடிக்கிற மீன், செவுளை மட்டும் நம்பி அதனால் இருக்க முடியாது, மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு குமிழி, ஓர் இலையின் ஓரம் மட்டும் ஆடி நின்றது. வெள்ளை வயிற்றுத் தவளையை அந்த இலைமேல் போட்டு இறக்கினேன். நாலு தடவை இழுத்தும் ஒன்றுமில்லை. சட்டைப்பையில் பர்மனென்ட் மார்க்கர் இருந்தது. வயிற்றைத் துணியில் துடைத்துவிட்டு முழுக்கக் கருப்படித்தேன். அதே இலை, அதே இழுப்பு. தவளை இலையிலிருந்து தண்ணீரில் விழுந்த அடுத்த நொடி தண்ணீர் குழிந்தது. மனசுக்குள் இரண்டு எண்ணி, தூண்டில் நரம்பு இறுகியதும் ராடைத் தூக்கினேன். ஒன்றரைக் கிலோ இருக்கும். ஒரே ஒரு மீனை வைத்துச் சட்டம் சொல்லக்கூடாதுதான். அதற்கப்புறம் விடியலில் நான் வெள்ளை வயிறு போட்டதே இல்லை.

இன்னொரு லூர் வாங்க வேண்டாம், மார்க்கர் போதும். வெயில் ஏறியதும் சானிடைசர் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: என் மகன் மாதாமாதம் 200, 300 ரூபாய் கொடுத்து நிறம் நிறமாக பிளாஸ்டிக் தவளை வாங்குகிறான். என் மாமனார் உயிர்த் தவளையை முள்ளில் மாட்டித்தான் பிடிப்பார், செலவே கிடையாது. அதையே செய்யச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்.
- இல்லத்தரசி, பேரணாம்பட்டு

பதில்: அம்மா, இந்த விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். தவளையை நம் வயல்கள் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டன. ஒரு காலத்தில் தவளைக்காலை டன் கணக்கில் வெளிநாட்டுக்கு அனுப்பினோம். பூச்சியைத் தின்ன ஆளில்லாமல் போகிறது என்று 1987இல் அந்த ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. முதல் மழை விழுந்த இரவு வயலோரம் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இரண்டு பக்கமும் நீலப் பை உப்பக் கத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு மஞ்சள் தவளை லூர் செயற்கையாகத் தோன்றாது, மழைக்காலத்தில் விரால் பார்த்துப் பழகிய நிறம்தான் அது.

செலவுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். மூன்று நிறம், ஒரு மார்க்கர். நாலாவது வேண்டுமென்றால் பழையது கிழிந்திருக்க வேண்டும். ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போடுகிறானா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏரியில் சிவப்பாக, கொத்தாக விரால் குஞ்சுகள் மேயும்போது அதன் நடுவே லூர் போட்டால் தாய் மீன் உடனே அடிக்கிறது. அதற்கு எந்த நிறம் சிறந்தது?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இதற்கு நிறம் சொல்ல மாட்டேன். அந்த மீன் பசியில் அடிக்கவில்லை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று அடிக்கிறது. எந்த நிறத்தைப் போட்டாலும் அடிக்கும், அதில் உங்கள் திறமை எதுவும் இல்லை. அதைத் தூக்கிவிட்டால் கெளுத்தியும் கொக்கும் அந்தச் சிவப்புக் கொத்தை விட்டுவைக்காது. நான் பையனாக இருந்தபோது ஓர் ஏரியில் ஒரே நாளில் ஐந்தாறு கொத்து பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு கொத்தைப் பார்த்தால் வீட்டுக்கு வந்து சொல்கிறேன். குஞ்சுகள் சிவப்பு மாறித் தனித்தனியாகப் பிரியும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தயவுசெய்து.

கேள்வி: அந்த பாஸ் மீனையே கொண்டுவந்து நம் ஏரியில் விட்டால் என்ன?
- காட்பாடி வாசகர்

பதில்: வேண்டாம். அது வட அமெரிக்காவின் மீன். 1925இல் ஜப்பானில் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். நாடு முழுக்கப் பரவி அவர்களுடைய சிறுமீன்களைத் தின்றது. 2005இல் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் 1952இல் வந்த ஜிலேபி மீன் எத்தனை ஏரிகளை நிறைத்திருக்கிறது என்று பாருங்கள். வாயைப் பிளந்துகொண்டு லூரை அடிக்கிற மீன் வேண்டுமென்றால் விரால் இருக்கிறதே.

கேள்வி: தூண்டில் நரம்பின் நிறம் முக்கியமா?
- வாசகர், சோளிங்கர்

பதில்: இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே மிதக்கிற தவளைக்கு முக்கியமில்லை. நரம்பு பெரும்பாலும் இலைமேல்தான் கிடக்கும், கரும்பச்சைப் பின்னல் நரம்பு போதும். தை மாதத் தெளிந்த தண்ணீரில் மூழ்கி ஓடுகிற லூர் போடும்போது மட்டும், முனையில் மூன்று அடிக்கு நிறமில்லாத நரம்பை முடிந்துகொள்ளுங்கள்.